கோழி மேல் போட்ட பழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகலாபுரம் கறிக்கடை எதிலாவது பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணாச்சி, கழுத்தும் றெக்கையும் போடாதீங்க, அங்கதான ஊசி போடுறாங்க" என்று ஒரு குரலாவது கேட்கும். கடைக்காரர் மறுத்துப் பேசமாட்டார். பேசினால் யாவாரம் கெடும். கழுத்தை வெட்டி ஓரமாகப் போடுவார். அடுத்து வருகிறவர் குழம்புக்கு ருசியே கழுத்தில்தான் என்று சொல்லி அதைக் கேட்டு வாங்கிப் போவார். இரண்டு வீட்டிலும் மத்தியானம் பிராய்லர் குழம்புதான்.

இந்த ஊசிக் கதை இப்போது வதந்தி என்ற நிலையைத் தாண்டிப் பொது அறிவாகவே ஆகிவிட்டது. பிராய்லருக்கு வளர்ச்சி ஹார்மோன் போடுகிறார்கள், அதனால்தான் நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுகிறது. அந்தக் கறியைத் தின்பதால்தான் பொம்பளப் பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதிலேயே ஆளாகிவிடுகிறார்கள். கல்யாணமான பெண்களுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவதும் அதனால்தான். வாத்தியார் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் பேசுகிற வைத்தியர் சொல்கிறார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்கிற அவசரத்தில் எம்.பி.பி.எஸ். படித்தவரும் "பிராய்லரை நிறுத்திரும்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். மூன்றுமே தப்பு என்பது என் கட்சி. வெறும் தப்பு என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இதை நம்புவதால் வளரும் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையும் கறியும் காணாமல் போகின்றன. உண்மையிலேயே நாளமில்லாச் சுரப்பிகளைக் கெடுக்கிற சரக்குகள் கேள்வியே இல்லாமல் வீட்டுக்குள் வருகின்றன. அதனால் விட முடியவில்லை.

முதலில் ஊசி. ஒரு கொட்டகையில் ஐந்தாயிரம் குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கோழியை எடை போட்டு ஏற்றும்போது கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். ரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கும், அதற்குள் உடம்பே அதைச் சிதைத்துவிடும். உடம்புக்குள் அது இயல்பாகச் சுரப்பதே விட்டு விட்டு, அலை அலையாகத்தான். வெளியிலிருந்து கொடுத்து வேலை வாங்க வேண்டுமென்றால் ஐந்தாயிரம் கோழியையும் ஒவ்வொரு நாளும் பலமுறை பிடித்துக் குத்த வேண்டும். சித்திரை வெயிலில் பிராய்லரைச் சும்மா விரட்டினாலே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பதற்காகக் கொட்டகைக்குள் செருப்புச் சத்தம்கூட இல்லாமல் நடக்கிறவர்கள் அவர்கள். வளர்த்தி குறைந்த மனிதப் பிள்ளைகளுக்குப் போடுகிற வளர்ச்சி ஹார்மோன் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறது என்று அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் சொல்வார்கள். கிலோவுக்குச் சில ரூபாய்க்கு நாற்பது நாள் காவல் கிடக்கிறவருக்கும், தீவனத்தில் பைசாக் கணக்குப் பார்க்கிற கம்பெனிக்கும் இது எந்த வகையில் கட்டுப்படியாகும்?

ஊசியே கிடையாதா என்றால், உண்டு. குஞ்சு பொரித்த அன்றே பொரிப்பகத்தில் கழுத்துத் தோலுக்கு அடியில் தடுப்பூசி போடுகிற வழக்கம் இருக்கிறது. ஏழு நாளுக்குள் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா, கண்ணில் ஒரு சொட்டு. இரண்டாவது வாரத்தை ஒட்டி கம்போரோ நோய்க்கு ஒன்று. மூன்று, நான்காவது வாரத்தில் மறுபடி லசோட்டா, இந்த முறை குடிதண்ணீரில். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர்க் குழாயை ஒரு மணி நேரம் தூக்கிக் கட்டிக் கோழிகளைத் தவிக்கவிட்டு, பிறகு தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து, அதில் மருந்துக் குப்பியைத் திறந்து கலக்குவார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்திலுள்ள உயிருள்ள கிருமி செத்துவிடும். பால் பவுடர் அதைத் தடுக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கோழிக்கு வெள்ளையாக என்னமோ கலந்து கொடுத்தார்கள். அவ்வளவு போதும் கதை கிளம்ப.

சரி, யாரோ ஒரு கிறுக்கன் நிஜமாகவே வளர்ச்சி ஹார்மோனைப் போட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கறியைத் தின்றால் என்ன ஆகும்? இதற்குப் பதில் நம் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே இருக்கிறது. சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இல்லாத தெரு இன்று கரிசலில் கிடையாது. தினம் இரண்டு வேளை வயிற்றில் குத்திக்கொள்ள யாருக்கு ஆசை? வாயில் போட்டு விழுங்க முடிந்தால் விழுங்கிவிட மாட்டார்களா? முடியாது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். இரைப்பையிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதிகளுக்கு ஹார்மோன் என்றும் பருப்பு என்றும் பேதம் தெரியாது. எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டிவிடும். 1921-இல் டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்து, அடுத்த ஆண்டு ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குப் போட்டதிலிருந்து இன்றுவரை அது விழுங்கும் மாத்திரையாக வராததற்குக் காரணம் இதுதான். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினைவிடப் பெரிய புரதம், 190-ஐ ஒட்டிய அமினோ அமிலங்கள். கோழியுடையதும் நம்முடையதும் ஒரே மாதிரியும் இல்லை. 1950-களில் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனை மனிதருக்கு ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துத்தான் 1985 வரை சிகிச்சை நடந்தது. ஊசியில் நேராக ஏற்றிய மாட்டு ஹார்மோனுக்கே அசையாத உடம்பு, குக்கரில் மூன்று விசில் வெந்து குடலில் செரித்த கோழி ஹார்மோனுக்கு அசையுமா? இதில் இன்னொரு வேடிக்கை, பிராய்லர் குஞ்சுகளுக்கே கோழி வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சொல்லும்படியான எடைக் கூடுதல் எதுவும் வரவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லாத ஒன்றை யார் போடுவார்கள்?

அப்படியானால் நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி? இந்தக் கேள்வியைக் கரிசல்காரன் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். கிடாயைக் காயடித்தால் உடம்பு வைக்கும், முட்டாது என்று பள்ளிக்கூடம் போகாத கீதாரிக்கும் தெரியும். காளையைக் காயடித்தால் ஏருக்குப் பணியும். ஒரு சுரப்பியை எடுத்துவிட்டால் உடம்பின் வடிவமும் குணமும் மாறும் என்ற அறிவு இங்கே தலைமுறை தலைமுறையாகப் புழங்குவது. அதை ஐரோப்பாவில் சோதனையாகச் செய்து காட்டியவர் கையிலெடுத்ததும் சேவலைத்தான். 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் ஆறு இளம் சேவல்களுக்கு விதையெடுத்தார். இரண்டை அப்படியே விட்டார். அவை கொண்டை சுருங்கிக் கூவாமல் சண்டைக்கு நிற்காமல் திரிந்தன. மற்ற நான்குக்கும் ஒவ்வொரு விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் திரும்ப வைத்துத் தைத்தார். சிலவற்றுக்கு வைத்தது அடுத்த சேவலுடையது. நரம்புத் தொடர்பு அறுந்துபோன நிலையிலும் கொண்டை சிவந்தது, கூவின, ஒன்றையொன்று கொத்தின. நரம்பு இல்லாமலும் செய்தி போகிறதென்றால் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் கொடுத்ததே 1905-இல்தான். சேவல் அதற்கு ஐம்பத்தாறு ஆண்டுக்கு முன்பே சாட்சி சொல்லிவிட்டது.

பொலிகிடாய் தேர்ந்தெடுப்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் குட்டியின் தாயையும் தகப்பனையும் விசாரிக்காமல் கிடாய்க் குட்டி வாங்குகிறவர் உண்டா? கோவில்பட்டியில் 1901-இலிருந்தே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோளத்திலும் பருத்தியிலும் ‘கே’ என்ற எழுத்தோடு அங்கிருந்து வந்த ரகங்களை விதைத்துத்தான் நம் தாத்தாமார் பிழைத்தார்கள். ஒட்டுரக மக்காச்சோளம் பழைய ரகத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு காய்த்தபோது யாரும் செடிக்கு ஹார்மோன் ஊசி போட்டதாகச் சொல்லவில்லை. விதை மாறிவிட்டது என்றார்கள். கோழியிலும் நடந்தது அதேதான். அமெரிக்காவில் 1946-இல் தொடங்கி 1948-இல் முடிந்த ‘நாளைய கோழி’ போட்டியில் ஆரம்பித்து, நெஞ்சுக்கறி அகலமான, சீக்கிரம் எடை ஏறுகிற கோழிகளாகப் பொறுக்கி எடுத்து அடுத்த தலைமுறைக்கு விட்டுக்கொண்டே வந்தார்கள். கோழிக்குத் தலைமுறை என்பது ஓராண்டுக்கும் குறைவு. எழுபது ஆண்டில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம். 1957-ஆம் ஆண்டுக் கோழி வம்சம், 1978-ஆம் ஆண்டு வம்சம் இரண்டையும் கலப்பில்லாமல் அங்கே காத்துவைத்திருந்தார்கள். அவற்றோடு 2005-ஆம் ஆண்டு பிராய்லரையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56-ஆம் நாள் தராசில் வைத்தபோது 1957 கோழி 905 கிராம். 1978 கோழி 1,808 கிராம். 2005 கோழி 4,202 கிராம். 2014-இல் வெளியான இந்த ஆய்வின் படத்தில் மூன்று கோழியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். குஞ்சும் தாயும் பாட்டியும் போல இருக்கும், ஆனால் மூன்றுக்கும் ஒரே வயது. ஊசி இல்லை, மருந்து வித்தியாசம் இல்லை. வம்சம் மட்டும் வேறு.

மிச்சம் தீனி. பிராய்லர் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பிறகு சோயாப் புண்ணாக்கு, மெத்தியோனின், லைசின், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின். அந்த மக்காச்சோளம் எங்கே விளைகிறது? விளாத்திகுளத்திலும் புதூரிலும் நாகலாபுரத்திலும் புரட்டாசிப் பட்டத்தில் நாம் ஊன்றுவதுதான். கம்பும் சோளமும் நின்ற கரிசலில் மக்காச்சோளம் ஏறியதே கோழித் தீவனத்துக்கு விலை இருந்ததால்தான். 2018-இல் படைப்புழு விழுந்து குருத்தைத் தின்றபோது நாம் வயிற்றில் அடித்துக்கொண்டது அந்த வெள்ளாமைக்காகத்தான். தை, மாசியில் ரோட்டிலேயே காயப்போட்டு மூட்டை பிடித்து நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் லாரி ஏற்றிவிட்டு, அது கோழியாகத் திரும்பி வரும்போது ‘என்னத்தையோ போட்டு வளர்க்கிறான்’ என்கிறோம். என்னத்தையோ இல்லை, நம்ம சோளத்தைத்தான்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. எல்லா ஹார்மோனும் புரதம் இல்லை. ஈஸ்ட்ரோஜென், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசோல் எல்லாம் கொழுப்பிலிருந்து செய்யப்படும் ஸ்டீராய்டு வகை. இந்த வகையில் செயற்கையாகச் செய்த சில மருந்துகள் குடலைத் தாண்டியும் உயிரோடு ரத்தத்தில் சேரும். கர்ப்பத் தடை மாத்திரை வேலை செய்வது அப்படித்தான். கோழிக்கும் ஈஸ்ட்ரோஜென் போல வேலை செய்கிற மருந்தைக் கொடுத்த காலம் இருந்தது. 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜென் குளிகையைச் சேவல் குஞ்சுகளின் கழுத்துத் தோலுக்கு அடியில் செருகினார்கள். கத்தியில்லாமல் காயடிக்கும் வித்தை அது. கறி மெத்தென்று கொழுப்பாக இருக்கும். கறியில் அந்த மருந்தின் மிச்சம் தங்குகிறது என்று தெரிந்ததும் 1959-இல் அமெரிக்க அரசு கோழிக்கு அதை நிறுத்திவிட்டது. நாகலாபுரம் கறிக்கடையில் சொல்லப்படும் கழுத்துக் கதைக்கு எங்காவது ஒரு வேர் இருந்தால் அது இதுவாக இருக்கலாம். அதுவும் நம் ஊருக்குப் பிராய்லர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிந்துபோன சமாச்சாரம். 1977-இல் இத்தாலியின் மிலன் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மார்பு வீங்கியபோது பள்ளிச் சாப்பாட்டுக் கறிமேல் சந்தேகம் விழுந்தது; கடைசிவரை உறுதிப்படவில்லை. அமெரிக்காவில் மாட்டுக்கு இன்றும் சில ஹார்மோன்களை அனுமதிக்கிறார்கள், ஐரோப்பா அந்தக் கறியை உள்ளே விடுவதில்லை. மாட்டின் கதையைக் கோழியின் தலையில் கட்டுவதும் இந்த வதந்திக்கு ஒரு தீனி.

கறி வழியாக ஈஸ்ட்ரோஜென் வந்துதான் பிள்ளைகள் ஆளாகிறார்களா என்பதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை; ஒரு ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும். சுரப்பிகள் தனித்தனியாக இயங்குகிறவை அல்ல, ஒன்றுக்கொன்று கணக்குக் கொடுத்து வாங்குகிறவை. மூளைக்கு அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பயறு அளவு பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் விடும். அது சினைப்பைக்குப் போய் ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கவைக்கும். ஈஸ்ட்ரோஜென் கூடினால் அந்தச் செய்தி மேலே திரும்பிப் போய் எல்.எச்.-ஐக் குறைக்கும். கண்மாய் நிரம்பியதும் வரத்துக்கால் மடையை அடைக்கிற நீர்ப்பாய்ச்சி மாதிரி. ஆகவே வெளியிலிருந்து, கறியோ மாத்திரையோ களிம்போ எதன் வழியாகவாவது ஈஸ்ட்ரோஜென் வந்து சேர்ந்திருந்தால், பிள்ளைக்கு மார்பு வளர்ந்திருக்கும், ரத்தத்தில் எல்.எச். அடங்கிக் கிடக்கும். சீக்கிரம் பூப்பெய்துகிற பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பார்த்தால் எல்.எச். ஏறியிருக்கிறது. அதாவது மடையைத் திறந்தது மேலே மூளை. வெளிச்சரக்கு எதுவும் இல்லை.

மூளை ஏன் முன்கூட்டித் திறக்கிறது? ஹைப்போதலாமஸில் கிஸ்பெப்டின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் விழித்துக்கொள்ளும்போதுதான் பூப்பு தொடங்குகிறது. 2003-இல்தான் இது தெரியவந்தது. அவை விழித்துக்கொள்ள உடம்பில் போதிய கொழுப்புச் சேமிப்பு இருக்கிறதா என்ற தகவல் வேண்டும். அதைக் கொண்டுவருவது கொழுப்பு செல்களே சுரக்கும் லெப்டின், 1994-இல் கண்டுபிடித்த ஹார்மோன். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுகிற அளவுக்கு இந்த உடம்பில் கையிருப்பு உண்டா என்று பார்த்துத்தான் மூளை முடிவெடுக்கிறது. பஞ்ச காலத்தில் தள்ளிப்போடும், சோற்றுக்குக் குறைவில்லாதபோது முந்தும். வட ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பதினாறு, பதினேழு வயதில் பூப்பெய்தியவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பதின்மூன்று வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்த நூறு ஆண்டில் பிராய்லர் ஏது? தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த கரிசலில் பாட்டிமார் பதினைந்து, பதினாறில் சமைந்தார்கள் என்றால் அது அவர்கள் நாட்டுக்கோழி தின்ற புண்ணியத்தால் அல்ல, வயிறார எதையுமே தின்னாததால்.

இதற்கு நம் நாட்டுப் பிள்ளைகளே சாட்சி. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண் பிள்ளைகள் நூற்றேழு பேரைப் பற்றி 1991-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் பூப்பெய்திய நடு வயது 11.6. ஒரு பிள்ளைக்கு ஏழு வயது தாண்டியதுமே. இங்கே வளர்ந்திருந்தால் பன்னிரண்டு பதின்மூன்றோ அதற்கும் மேலோ ஆகியிருக்கும். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை உலகத்திலேயே முதலில், 1986-இல், தடைசெய்த கறாரான நாடு ஸ்வீடன். அங்கே கோழியைக் குற்றம் சொல்ல வழியில்லை. நடந்தது என்னவென்றால், கைக்குழந்தைப் பருவத்தில் பட்டினி கிடந்த உடம்பு, திடீரென்று நிறையச் சாப்பாட்டைக் கண்டதும் வேகவேகமாக வளர்ந்து, கூடவே பூப்பையும் முன்னால் இழுத்துக்கொண்டது. கொரோனா ஊரடங்கில் இத்தாலி முதல் புனே வரை குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவர்கள் முன்பூப்புப் பிள்ளைகள் அதிகம் வருவதைக் கவனித்து எழுதினார்கள். அந்த மாதங்களில் மாறியது விளையாட்டும் தூக்கமும் எடையும் கையில் இருந்த செல்போனும். கோழியைப் பற்றிச் சொன்னால், 2020-இன் தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்று இன்னொரு வதந்தியைக் கிளப்பி அதை வாங்குவாரே இல்லாமல் செய்திருந்தோம்.

இதையெல்லாம் விளக்கிச் சொன்னாலும் "நம்ம பிள்ளைக்கு எதுக்கு ரிஸ்க்கு" என்று ஒரு பதில் வரும். ரிஸ்க் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நாட்டுக்கோழி கிலோ என்ன விலை விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதிலும் கடையில் நாட்டுக்கோழி என்று தருவதில் பாதி பண்ணையில் வளர்ந்த கிராஸ். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற தாய்க்குக் கட்டுப்படியாகிற ஒரே கறி பிராய்லர், ஒரே முட்டை வெள்ளை முட்டை. அந்த இரண்டையும் எட்டு வயதிலிருந்து நிறுத்திவிட்டு, பிள்ளை ஆளானதும் பதினாறு நாள் நல்லெண்ணெயில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்போம். பூப்புக்கு அப்புறம் வேண்டியிருக்கிற புரதம் அதற்கு முந்தைய வளரும் வயதில் மட்டும் எப்படி ஆகாமல் போகும்?

இதே வீடுகளில் கோயில் கொடை வந்தால் நடப்பதைச் சொல்கிறேன். காப்புக் கட்டுகிற வாரத்தில் மெடிக்கலுக்கு ஆளனுப்பி, ‘தள்ளிப்போடுற மாத்திரை’ வாங்கிவரச் சொல்வார்கள். சீட்டுக் கேட்பாரில்லை. அது நோரெதிஸ்டிரோன், ஐந்து மில்லிகிராம், அசல் ஹார்மோன், குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்ந்து மாதவிலக்கை நிறுத்திவைப்பது. அக்கா தங்கச்சி மூன்று பேரும் ஒரே அட்டையிலிருந்து பிய்த்து விழுங்குவார்கள். யாருக்கு ரத்தம் கட்டுகிற கோளாறு இருக்கிறது, யாருக்கு ஈரல் கோளாறு என்று கேட்கிற ஆள் இல்லை. முழங்கால் வலிக்கு யாரோ பொட்டலம் போட்டுத் தருகிற பொடியிலும், ‘உடம்பு போட’ என்று விற்கும் மாத்திரையிலும், முகம் வெளுக்கத் தடவுகிற களிம்பிலும் ஸ்டீராய்டு இருப்பதைத் தோல் டாக்டர்களும் எலும்பு டாக்டர்களும் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அதைத் தின்றால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையில்லாமல் சுருங்கிப்போகும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஹார்மோன் பயம் உண்மையானால் இந்த அட்டைகளும் பொட்டலங்களும்தான் முதலில் தெருவில் விழ வேண்டும்.

பருத்திக் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. எண்டோசல்பானை நாம் காய்ப்புழுவுக்குப் பல வருஷம் அடித்தோம். கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் தெளித்த ஊரைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வு, அங்கே வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்குப் பருவம் தாமதப்படுவதையும் ஹார்மோன் அளவுகள் மாறியிருப்பதையும் காட்டியது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நிறுத்தியது. சுரப்பிகளைக் குழப்பும் ரசாயனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வாயில் துண்டுகூடக் கட்டாமல் காற்றுக்கு எதிரே நடந்தவர்கள் நாம். அப்போது யாரும் ‘பிள்ளைகளுக்கு ஆகாது’ என்று சொல்லக் கேட்டதில்லை.

கோழித் தொழிலுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அதன் மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு வேறு, இதைவிடப் பெரிது. கொலிஸ்டின் என்பது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுக்கிற ஆன்டிபயாட்டிக். அதைத் தீவனத்தில் கொட்டி எடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடைசெய்தது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகளின் கணக்கு இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. கால் தாங்காத அளவுக்கு நெஞ்சு வளர்ந்து நடக்க முடியாமல் உட்கார்ந்தே கிடக்கும் கோழியின் வேதனை ஒன்று. எரு மேடும் ஈயும் ஊருக்கு இன்னொன்று. கேட்க வேண்டியவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை, ஏனென்றால் ஊர் மொத்தமும் இல்லாத ஊசியைத் தேடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்காரனுக்கு அதில் நஷ்டமும் இல்லை. பொய்க் குற்றச்சாட்டை மறுப்பது சுலபம். மறுத்துவிட்டு உண்மையானதிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம்.

நீர்க்கட்டிக்கு வருகிறேன். அந்தக் கோளாறில் பெரும்பாலான பெண்களுக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். கூடிப்போன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கும். முட்டை முதிராமல் சிறு சிறு பைகளாகத் தங்கும், மாதவிலக்கு தள்ளும், தாடையில் முடி வரும். வம்சத்தில் சுகர் உண்டா, இடுப்புச் சுற்றளவு என்ன, மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறுதானா என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பிராய்லர் சாப்பிடுவியா’ என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது குற்ற உணர்ச்சி மட்டும். சோற்றைக் குறைத்துக் கறியும் பயறும் கூட்டச் சொல்ல வேண்டியவளிடம் கறியை நிறுத்தச் சொல்கிறோம். நிறுத்தியதை ஈடுகட்ட அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறாள்.

பிள்ளை சீக்கிரம் வளர்கிறாள் என்று பயப்படுகிற தாய்க்கு மருத்துவம் வைத்திருக்கிற அளவு தெளிவானது. பெண்ணுக்கு எட்டு வயதுக்கு முன், பையனுக்கு ஒன்பதுக்கு முன் பருவ அடையாளம் தெரிந்தால் பார்க்க வேண்டும். பத்தரை, பதினொன்றில் பூப்பெய்தினால் அது நோய் இல்லை. எட்டுக்கு முன் என்றால் தாமதிக்காமல் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எல்.எச். அளவு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மூளைக்கு ஸ்கேன். மூளைதான் முன்கூட்டித் திறந்துவிட்டது என்று தெரிந்தால் அதற்கு ஊசி இருக்கிறது, அது ஹார்மோன் ஊசியேதான். ஹைப்போதலாமஸ் ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒரு முறை விட்டு விட்டு அனுப்பும் அதே செய்தியை விடாமல் தொடர்ந்து கொடுத்தால் பிட்யூட்டரி காதைப் பொத்திக்கொள்ளும். 1978-இல் எர்ன்ஸ்ட் நோபில் குரங்குகளில் கண்டு சொன்ன விஷயம். மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டால் பூப்பு நின்று காத்திருக்கும், எலும்பு முதிர்ந்துவிடாமல் பிள்ளை வளரும் உயரம் மிஞ்சும். போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் டாக்டர் தாயிடம் கேட்பார்: நீங்கள் எந்த வயதில் ஆளானீர்கள், பிள்ளைக்குத் தலைவலியோ பார்வை மங்கலோ உண்டா, கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள், வீட்டில் யாராவது களிம்போ ஹார்மோன் மாத்திரையோ பிள்ளை கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறீர்களா. போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்து அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.